எட்டு மாப்பிள்ளைகளும் ஒரு குட்டியும்

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஜோடி சேருவதைப் பற்றி என் அக்காவிடம் கேட்டால் மணிக்கணக்காகப் பேசுவாள். எனக்கு அந்த ஆண்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். முன்னால் ஒரு பெண், பின்னால் ஏழெட்டுத் தடியன்கள். அவள் பக்கத்து இடத்தை ஒருவன் பிடித்துவிட்டால் மற்றவர்களுக்குப் பொறுக்காது. வாலால் அறைவது, மேலே விழுவது, குமிழி விட்டுக் கண்ணை மறைப்பது என்று கடலையே ரெண்டு பண்ணிவிடுவார்கள். அக்கா இதை ஆராய்ச்சி என்கிறாள். நான் அவளுடைய படகை ஓட்டுகிறேன்.

அன்று துரத்தப்பட்டவள் ஓட்டைவால். வாலில் ஓட்டை இருப்பதால் நாங்கள் வைத்த பெயர். போன வருஷம் இதேபோன்ற ரகளையில் குட்டியைப் பறிகொடுத்தவள். இந்த வருஷத்துக் குட்டி அவளை ஒட்டிக்கொண்டே நீந்தியது. மாப்பிள்ளைகளுக்கு அது கண்ணில் பட்டால்தானே.

எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். திமிங்கிலம் நெருங்கினால் அதுதான் விதி. அக்கா ட்ரோனைப் பறக்கவிட்டு, துணிக்கூரைக்கு அடியில் உட்கார்ந்து திரையில் மூக்கைப் புதைத்திருந்தாள். கூட்டம் நேரே எங்களை நோக்கி வந்தது. படகின் இருபுறமும் பிரிந்து, எங்களைத் தொப்பலாக நனைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்று சேர்ந்தது. அக்கா எண்ணிப் பார்த்தாள். திரும்பவும் எண்ணினாள். தாய் இருந்தாள், எட்டு ஆண்களும் இருந்தார்கள். குட்டியைக் காணோம்.

இந்த வருஷமுமா என்று நினைக்கவே முடியவில்லை. எங்காவது அடிபட்டு மிதக்கும், போய்த் தேடலாம், படகை எடு என்று அக்கா கத்தினாள். சாவியில் கை வைத்துவிட்டேன்.

எங்கள் படகில் ஒரு கட்டாயம் உண்டு. ஓட்டாத ஆள் பின்பக்கம் குனிந்து, தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியருகே எதுவும் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் எஞ்சினைக் கிளப்பலாம். அதான் மேலேயிருந்தே பார்க்கிறேனே, படகைச் சுற்றி ஒன்றுமில்லை என்றாள் அக்கா. எனக்கும் அவசரம்தான். ஆனால் அவள் விரட்டினால் எனக்கு வீம்பு வந்துவிடும்.

"குனிஞ்சு பாத்துச் சொல்லு. அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

சனியனே என்று திட்டிக்கொண்டு போனாள். குனிந்தவள் நிமிரவேயில்லை.

"சாவியிலேருந்து கையை எடுடீ." கையைப் பின்னால் நீட்டித் தடுத்தாள். "நம்ம அடியிலதான் இருக்கு."

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். படகுக்கு அடியில் பதுங்கியிருந்தது குட்டி. விசிறிக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. மேலிருந்து பார்த்த ட்ரோனுக்கு எங்கள் கூரைதான் அதை மறைத்திருக்கிறது. மெல்ல நகர்ந்து வெளியே வந்து, அக்காவின் முகத்திலேயே புஸ்ஸென்று மூச்சு விட்டது. அக்கா அழுதாள், நான் சிரித்தேன். பிறகு அவள் சிரிக்க, நான் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் ஓட்டைவால் தேடி வந்துவிட்டாள். துரத்தி அலுத்த மாப்பிள்ளைகள் தூரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் படகை ஒட்டி அசையாமல் கிடந்தாள். குட்டி பாதி அவளுக்கு அடியிலும் பாதி எங்களுக்கு அடியிலுமாகக் கண்ணயர்ந்தது. எப்போது திரும்புகிறீர்கள் என்று கரையிலிருந்து ரேடியோவில் கேட்டார்கள். அக்கா அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாயருகே வைத்துக் கிசுகிசுத்தாள்.

"குழந்தை தூங்குது. எழுந்ததும் வர்றோம்."