இரண்டாவது பிரேக்

எங்கள் தெருக்கோடியில் மால் திறந்த அன்று, முதல் வரிசையில் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இனி நம்ம ஏரியாவே வேற லெவல் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை வேறு பேசினேன். வாய் சும்மா இருக்குமா?

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஸ்கூல் என்றால் ஒரு கார், ஒரு போர்டு, நான். காரில் ஓட்டுபவருக்கு இருப்பதுபோலவே பக்கத்தில் உட்காரும் எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர்கள் சுவரைப் பார்த்துப் போனால் நான் மிதிப்பேன். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் தப்பை மிதித்துத்தான் வயிறு வளர்க்கிறேன்.

மாலின் பார்க்கிங்குக்கு ஏறும் சரிவுப் பாதை எங்கள் தெருவுக்குள் திறக்கிறது. உள்ளே நிறுத்தக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கவேண்டும் என்பதால் பாதிப்பேர் எங்கள் வீட்டு வாசல்களை அடைத்து நிறுத்திவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மனைவி கையிலிருந்து டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. வலது பக்கம் முழுக்கத் துவண்டுபோயிருந்தது. என் கார் கேட்டுக்கு உள்ளே. கேட்டை ஒட்டி வெளியே யாருடையதோ ஒரு வெள்ளைக் கார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில், மாலுக்கு வரும் வரிசையில் மாட்டிக்கொண்டது. நான் மாலுக்கு ஓடி, மேனேஜரிடம் கார் நம்பரைச் சொல்லி மைக்கில் கூப்பிடச் சொன்னேன். மைக்கில் குலுக்கல் பரிசு அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டுக்கு வெளிய நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல சார்," என்றார்.

ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் தெருக்காரர்கள் எட்டுப்பேர் சேர்ந்து அந்தக் காரை அலாக்காகத் தூக்கி நகர்த்தினார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் அவள் கால் ஓரளவு வந்துவிட்டது. வலது கை வரவில்லை. இப்போது அவளுக்கு நான்தான் சடை பின்னுகிறேன். கோணலாக வந்தாலும் கண்ணாடியில் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்பாள். அதுதான் தாங்கவில்லை.

தெருவுக்குள் திறக்கும் வழியை மூடச் சொல்லி மனு கொடுத்தோம். மேனேஜர் பதிலே போடவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், இவனை விடுவதில்லை என்று.

திட்டம் எளிது. வண்டி பழகுகிற யாருக்கும் மேட்டில் நிறுத்தி எடுப்பதென்றால் குலைநடுங்கும். சனிக்கிழமை கூட்டத்தில் அந்தச் சரிவில் ஒரு எல் போர்டு வண்டி நின்றால் பின்னால் ஊரே நிற்கும். சட்டப்படி குற்றமும் இல்லை. என் மாணவர்களிலேயே படுமோசமான மூன்று பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவராக அழைத்துப்போனேன். மூன்று முறை டெஸ்டில் கோட்டைவிட்ட பேங்க் கிளார்க் உட்பட மூவரும் வெண்ணெய் மாதிரி ஏறிவிட்டார்கள். கிளார்க் கண்கலங்கி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை பழிவாங்கப் போனேன், அதையும் என் தொழில் திறமை கெடுத்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் நீங்க ஓட்டுங்க. உங்க சீட்ல நான் உக்காந்துக்கறேன். இடது கால் நல்லாத்தானே இருக்கு?"

சொன்னபடியே வந்து உட்கார்ந்தாள். சரிவில் பாதி ஏறியதும் பிரேக்கில் காலை வைத்தாள். வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மெயின் ரோடு வரை போயின. வரிசையில் ஆம்புலன்ஸ் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பழிவாங்குகிறவனுக்கு இவ்வளவு கவலை ஆகாதுதான்.

மேனேஜர் ஓடிவந்து வண்டியை எடுக்கச் சொன்னார். பிரேக் என்னிடம் இல்லை என்று அவள் பக்கம் கைகாட்டினேன்.

அவள் இடது கையால் கண்ணாடியை இறக்கி, அந்த வெள்ளைக் காரின் நம்பரை ஒப்பித்தாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே விளக்கினாள், ஒன்றேகால் மணி நேரத்தையும் நிமிடம் நிமிடமாக. அவருடைய சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"இப்ப என்ன மேடம் செய்யணும்?"

"சனிக்கிழமை சாயங்காலம் எங்க தெருவுல ஒரு வாசலையும் யாரும் அடைக்கக்கூடாது. அதுக்கு ஆள் அனுப்பாதீங்க. நீங்களே வந்து நிக்கணும்."

மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். போதும்மா என்று நான் முணுமுணுத்தேன்.

"நீங்க ஸ்டீயரிங்க மட்டும் பாருங்க," என்றாள்.

இருபது நிமிடம் கழித்து மேனேஜர் வாக்குக் கொடுத்தார். மொத்த வரிசையும் கேட்க, உரக்க.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு, டை கட்டிக்கொண்டு தெருவில் நின்றார். வாசல் வாசலாக ஓடி வண்டிகளை விரட்டினார். ஒருவன் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். ஏழு மணி வாக்கில் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"அது எங்க போகுது?" ஜன்னலோரம் இருந்து அவள் கேட்டாள்.

"பாவம், மூணு மணி நேரமா நிக்கறாரு..."

"இன்னும் நேரமிருக்கு. உள்ள கொண்டு வாங்க."

கொண்டுவந்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். அதில் என்னை உட்காரவைத்து, அவரைப் பார்த்துக்கொண்டே பின்னுங்கள் என்று தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.