மயில் போட்ட கத்தி

தம்பானூர் சலூனில் லிங்கராஜுக்கு அடுத்த நாற்காலி பிரஜினுடையது. வாடிக்கையாளர் ஒருவர் பிரஜினுக்கு மயில் பொறித்த சவரக்கத்தி ஒன்றைப் பரிசளித்ததிலிருந்து லிங்கராஜுக்கு வயிறு எரிந்தது. பிளேடு மாட்டிச் சவரம் செய்கிற அந்தக் கடையில், மயிலைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் பிரஜினிடம் போய் உட்கார்ந்தார்கள்.

கத்தி என்னவோ மழுங்கல்தான். தீட்டித் தரச் சொல்லி பிரஜின் அதை, அந்தக் காலத்துக் கத்தி வேலை தெரிந்த லிங்கராஜிடமே நீட்டினான்.

“இது ஷோவுக்குச் செஞ்ச மலிவுச் சாமான்டே. இரும்பு மட்டம், கூர் ஏறாது,” என்றான் லிங்கராஜ். அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வீட்டில் அதைக் கல்லில் வைத்தான்.

பாழாய்ப்போன கத்தி அழகாகக் கூர் ஏறியது. தோல்வாரில் தீட்டி, பழக்கதோஷத்தில் முன்கையில் இழுத்துப் பார்த்தான். முடி சுத்தமாக வந்தது. நம்ப மனமில்லாமல் மறுபடி இழுத்தான், மறுபடியும் இழுத்தான். பிறகு ஆத்திரத்தோடு கத்தியின் வாயைச் சிமென்ட் தரையில் தேய்த்து மழுக்கினான்.

மறுநாள் கடையில் கத்தியை நீட்டினான். “நான் சொன்னேன்லா? ஒரு முடிகூட வெட்டல. சுவத்துல மாட்டி வை.”

பிரஜின் கத்தியை வாங்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுவழுவென்றிருந்த அந்தக் கையையே பார்த்தான்.

“பின்ன, இதை எந்தக் கத்தி வெட்டிச்சு அண்ணே?”