கல் நடாத இடம்

வாப்பாவின் மையத்தைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டுவதற்குள் இன்ஷிரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அண்ணன் ரஸீன் நானாவின் சட்டைப் பையில் ஜிபிஎஸ் கருவியைத் திணித்தாள்.

“வாப்பாவ அடக்கின எடத்துல நின்டு இந்தப் பொத்தான அமுக்குங்க நானா. முந்தி ஆகாசத்தக் காட்டிக் கொஞ்சம் பொறுக்கணும்.”

“மையத்து போகக்குள்ள விளையாட்டுச் சாமானா?” என்றார் வாப்பாவின் தம்பி நபீல் சாச்சா.

“அடையாளத்துக்கு மீசான் கல்லு நட வேணாமென்டு நீங்கதானே சென்னீங்க சாச்சா. அடுத்த வருசம் எங்கட வாப்பா எங்க ஈக்காரென்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சாச்சா சந்தூக்குக்குத் தோள்கொடுக்கப் போனார். கலிமாச் சத்தத்தோடு ஆண்கள் போனார்கள். மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை.

துணிக்கடையை மூடிவிட்டு வீட்டில் முடங்கிய வாப்பாவை ஜியோகேஷிங்குக்கு இழுத்ததே அவள்தான். யாரோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தின் இலக்கங்களை இணையத்தில் போடுவார்கள். தேடிக் கண்டுபிடித்து, பெயரெழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஃபோனே போதும் என்றாள் இவள். ஹந்தானை மலை மூடுபனியில் ஃபோன் செத்துப்போனதும் வாப்பா தனிக் கருவி வாங்கக் கடைக்குப் புறப்பட்டார். போத்தல் தண்ணீரில் விரலை நனைத்து நனைத்து அங்கிருந்த ஒவ்வொரு தொடுதிரையையும் அமுக்கிப் பார்த்தார். கடைக்காரனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கடைசியில் பொத்தான் வைத்த குட்டையான ஒன்றை எடுத்தார். “மழைக்கும் தாங்கும். இதுக்குப் போடுற பென்டோர்ச் பற்றரி தெல்தோட்டைச் சில்லறைக் கடையிலயும் ஈக்கும்” என்றார்.

நானா திரும்பி வந்து கருவியை நீட்டினார். அவள் வரைபடத்தைத் திறந்தாள். மையவாடி மதிலுக்கு வெளியே, நடு ரோட்டில் விழுந்திருந்தது குறி.

“பொறுத்தீங்களா நானா?”

“எல்லாரும் பாத்துட்டு நின்டாங்க. மெஷினப் போட்டதும் அமுக்கிட்டேன்.”

செய்மதிகளைப் பிடிக்க அவகாசம் கொடுக்கவில்லை. பெட்டி தேடிப் போன முதல் நாளில் அவளும் வாப்பாவும் இதே பிழையைச் செய்து யாருடைய கோழிக்கூட்டையோ கிளறினார்கள். இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. சப்பாத்தை மாட்டினாள்.

“எங்க போற?” என்றார் சாச்சா.

“வாப்பாட்ட.”

“பொம்புளப் புள்ள போற எடமா அது?”

கணவனை இழந்து இத்தாவில் இருந்த உம்மாவின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. “அவள் போகட்டும். நாலு மாசத்துக்கு எனக்குத்தான் வாசலத் தாண்ட ஏலா. அவளுக்கு ஏலும்.”

இன்ஷிரா படியிறங்கினாள்.

மையவாடிக் கேற்றடியில் நின்ற இரண்டு பேர் அவளைக் கண்டு திகைத்தார்கள். ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். சிவந்த மண் இன்னும் ஈரமாக இருந்தது. அங்கே நின்று அடக்கமாட்டாமல் அழுதாள். அழுது முடித்து, தலைமாட்டில் கருவியை உயர்த்திப் பிடித்தாள். அது காட்டிய இடப்பிழை மூன்று மீற்றருக்கு இறங்கும்வரை அசையாமல் நின்றாள். பிறகே பொத்தானை அமுக்கினாள்.

சாச்சா இன்னும் கூடத்தில்தான் இருந்தார். அவரைத் தாண்டிப் போய்த் திரையை விலக்கி, உம்மாவின் கையில் கருவியை வைத்தாள். கருவியின் அம்பு மெல்ல ஆடி, வாப்பா இருந்த பக்கம் காட்டி நின்றது.

“இந்தப் பக்கமா?” என்றார் உம்மா.

“ஓ.”

உம்மா எழுந்தார். சுவரோரம் கிடந்த கதிரையை, கூடத்துக்குக் கேட்கும்படி தரையில் இழுத்து, அம்பு காட்டிய பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.