கட்டை, சுண்டு, நடு

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடும் அந்தக் கூடத்தில் அக்காவும் தங்கையும் ஒரே உருளையில் வேலை பார்த்தார்கள். ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, உதறி, மணிக்கட்டை மடக்கிச் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். நாளொன்றுக்கு அறுநூறு விரிப்பு. மணிக்கட்டு என்ன இரும்பா? உள்ளே நரம்பு நசுங்கி, போன வருஷம் அக்காவுக்குக் கை மரத்தது. இந்த வருஷம் சின்னவளுக்கு. கட்டை விரலிலிருந்து பாதி மோதிர விரல் வரை செத்துக் கிடக்கும். சுண்டு விரல் மட்டும் நல்ல பிள்ளை.

"டீ கிளாஸ் கையில இருக்கா இல்லையான்னு பார்த்தாத்தான்க்கா தெரியுது," என்றாள் சின்னவள்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி நர்ஸ் வந்து எல்லோர் கையையும் சோதிப்பாள். கண்ணை மூடச் சொல்லி, ஒரு விரலைப் பஞ்சால் தொட்டு, "எந்த விரல்?" என்று கேட்பாள். தெரியாதவர்களை, "கை சரியானதும் வாங்க" என்று அன்பாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. அன்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

சின்னவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய் நாலு வருஷம்.

"நர்ஸம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடவாக்கா? மருந்து ஏதாச்சும் குடுப்பாங்க."

"குடுப்பாங்க. அதையே பிள்ளைங்களுக்குச் சோறா போடு. நான் சொல்றதைக் கேளுடி. அந்தம்மா தொடுற வரிசை மாறவே மாறாது. கட்டை, சுண்டு, நடு, ஆள்காட்டி, மோதிரம். போன தடவை நான் அப்படித்தான் தப்பிச்சேன்."

மூன்று நாள், விரிப்பை உதறுகிற தாளத்திலேயே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்தாள். சோதனையில் சின்னவள் தேறிவிட்டாள். "உணர்ச்சி நன்று" என்று நர்ஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டதும், இருவரும் கழிவறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? நரம்பு பாட்டுக்கு நசுங்கிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் ஒரு விரிப்பு சிக்கிக்கொண்டது. உருளையை நிறுத்தினார்கள், ஆனால் சூடு இறங்கவில்லை. சின்னவள் இடது கையால் துணியை இழுத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தீய்ந்த வாடை வந்தது.

"யாருடி அது, துணி கருகுது பாரு!" என்று கத்தினாள்.

யாரென்று சின்னவளும் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளுடைய வலது கை உருளையின் மேல் ஊன்றியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் எடுத்துவிட்டார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வலிக்கவே இல்லக்கா," என்றாள் சின்னவள்.

சூப்பர்வைசர் வந்தார், அந்தக் காகிதத்தோடு. "கை நல்லா இருக்குன்னு நர்ஸே எழுதியிருக்காங்க. அப்புறம் என்ன, கவனக்குறைவுதான். கம்பெனி என்னம்மா பண்ணும்?"

வேலை செய்து மரத்த கை என்று நிரூபித்தால் தங்கைக்கு நஷ்டஈடு உண்டு. அதை நிரூபிக்க உலகத்தில் ஒரே ஆள்தான் இருந்தாள். அடுத்த வாரம் எல்லோருக்கும் மறுபடி சோதனை என்றார்கள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள். என் கையும் செத்துதான் கிடக்கு, நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். காலையில்தான் தங்கையின் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவள் சோறு கட்டியிருந்தாள். இனி இரண்டு வீட்டுக்கும் இந்த ஒரு கைதான்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"எந்த விரல்?"

உண்மை வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கட்டை."

"இது?"

"சுண்டு." அது ஒன்றுதான் அவளுக்கு நிஜமாகவே தெரிந்தது.

மூன்றாவது நடு விரல். தங்கைக்கு இப்போது அந்த விரல் கிடையாது.

"சொல்லுங்கம்மா, எந்த விரல்?"

"நடு," என்றாள் அக்கா.