மச்சான் பிடிக்கும் கயிறு

கண்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிப்ட் முடித்த கண்ணெரிச்சலோடு, பழைய உப்புக் கிட்டங்கியின் மொட்டைமாடியில் காலை முட்டுக்கொடுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தான் ரெக்சன். கயிற்றின் மறுமுனை அவன் தங்கை மெட்டில்டாவின் புருஷன் கிளாட்வினுடைய இடுப்பில் இருந்தது. கடலைப் பார்த்த சுவரில், தொங்கும் பலகையில் உட்கார்ந்து அவன் படம் வரைந்துகொண்டிருந்தான். தோணியில் முத்தை ஒளித்தான் என்று, முத்துக்குளிக்கும் குளியாளியைக் கும்பினித் துரை சவுக்கால் அடிக்கும் படம். புதுக் கப்பல் ஜெட்டிக்காகக் கரையில் வேலி போட்ட பிறகு, இந்தக் கடல் யாருடையது என்று கேட்க ஊர்க்கமிட்டி கொடுத்த சுவர் அது.

கீழே நின்று வீடியோ எடுக்கும் பெண்ணைப் பார்த்துக் கிளாட்வின் கத்தினான்.

"முத்துக்குளிக்கயில மச்சான்தாங்க கயிறு பிடிப்பான். விட்டான்னா அவன் தங்கச்சில்லா தாலியறுப்பா! அந்தத் தைரியத்துலதான் தொங்குதேன்."

கீழே எல்லோரும் சிரித்தார்கள். ரெக்சனும் பல்லைக் காட்டினான்.

ஓவியக் கல்லூரியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். ரெக்சன் இரண்டாம் வருஷம் நின்றுவிட்டான். யாரும் துரத்தவில்லை. முடியவில்லை, அவ்வளவுதான். படத்தில் அடிபடுகிறவனின் முதுகுத் தழும்புகளைச் சிப்பியின் வரிகளாக இழுத்திருந்தான் கிளாட்வின். தினமும் வந்து அதில் குறை தேடினான் ரெக்சன். குறை இல்லை. வயிறு எரிந்தது.

"ஏலே மச்சான், கொஞ்சம் கீழ பாரு. தோணியில கயிறு பிடிக்கிறவனுக்கு ஒம் மூஞ்சிதான்."

"எம் மூஞ்சிய நான் வரையுதேன். நீ மேல வா."

"நீயா? பிரஷ்ஷ எந்தப் பக்கம் பிடிக்கணும்னு ஞாவகம் இருக்கால?"

"வாலேங்கேன்."

கிளாட்வினின் சிரிப்பு நின்றது. நூலேணியில் ஏறி வந்து, கயிற்றை அவிழ்த்து ரெக்சன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டான்.

பலகையில் இறங்கும்போதுதான் உறைத்தது. கிளாட்வினுக்குத் தங்கச்சி கிடையாது. தான் விழுந்தால் அவன் வீட்டில் தாலியறுக்க ஆளில்லை.

தோணியில் கயிறு பிடிக்கிறவனின் தலை இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ரெக்சன் தன் முகத்தை நினைத்துப் பார்த்தான். மூக்கு எப்படி, நெற்றி எப்படி, ஒன்றும் பிடிபடவில்லை. பிரஷ் காயத் தொடங்கியது. மறுபடி தோய்த்து வைத்தான். ஒரே இழுப்பில் சுவரில் விழுந்தது ஒரு தாடை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்ததைவிட அதிகமாக இத்தனை வருஷம் அவன் பார்த்துக் கிடந்த தாடை.

அண்ணாந்தான். கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறுகையைக் காமிராவுக்கு ஆட்டிக்கொண்டிருந்தான் கிளாட்வின். ரெக்சன் அந்தத் தாடைக்கு மேலே அவனுடைய இடது கண்ணை வரையத் தொடங்கினான்.