‘தெரிந்தே’ என்றொரு சொல்

கமலவேணி படிக்க உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நிற்பாள். நீளமான சொல் எதிரே வந்தால் மேடேறுகிறவள் மாதிரி மூச்சை இழுத்துக்கொள்வாள். நாற்பத்து மூன்று வயதில் கோயில் மண்டபத்து வகுப்பில் கற்ற எழுத்து அது; தமிழோடு கொஞ்சம் மலாயும். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்த கைக்குப் பென்சில் பிடிபடவே இரண்டு மாதம் ஆயிற்று.

தோட்டத்தை விட்டுப் புக்கிட் காத்திலுக்கு வந்து ஆறு வருஷம். அங்கே டிராக்டர் ஓட்டிய இருளாண்டிக்கு இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, இரவுக் காவல். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். நாலு மணிக்கே தேநீரோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கமலவேணி படிக்க, அவர் கேட்பார்.

படிப்பதெல்லாம் மலாக்கா கொர்னேலியஸ் எழுதிய புத்தகங்கள்தான். எழுத்து பெரிதாக இருக்கும், வரி சின்னதாக இருக்கும். அந்த மனிதர் எதைத்தான் எழுதவில்லை? கூச்சத்தைப் போக்க இருபது வழி, மூட்டு வலி, வீட்டுக்குப் பின்னால் கீரை போடுவது. நிம்மதியாகத் தூங்குவது பற்றியும் ஒன்று. அதை இருளாண்டி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“நாற்காலியில உக்காந்துகிட்டே தூங்க வழி போட்டிருக்காரா பாரு வேணி. சூப்பர்வைசர் வந்தா மட்டும் முழிச்சிக்கிற மாதிரி.”

“அதுக்கு நீங்கதான்லா புத்தகம் எழுதணும்.”

புதிதாக வந்தது வேறு மாதிரி. தொழிற்சாலைக் கழிவை ஆற்றிலும் ஓடையிலும் கொட்டியவர்களைப் பற்றியது. அதில் அவர்களுடைய பழைய தோட்டத்து ஓடையும் இருக்கிறது என்று புத்தகக் கடைக்காரர் சொன்ன நாளிலிருந்து இருளாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் வெளி லாரியில் வந்து இறங்கிய இருபத்திரண்டு தோம்புகளை, பெரிய பீப்பாய்களை, டிராக்டரில் ஏற்றி, ஓடையில் உருட்டிவிட்டவர் அவர்தான். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்னார், செய்தார். அடுத்த வாரம் மீன் மிதந்தது. வெயிலுக்குச் செத்தது என்றார் கிராணி. இருளாண்டியும் வெயில்தான் என்று நம்பினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆற்று மீனைத் தொட்டதில்லை.

புதன்கிழமை அந்தப் பக்கம் வந்தது. கமலவேணியின் விரல் வரியில் ஊர்ந்து, ஓரிடத்தில் நின்றது. மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். *டிராக்டர் ஓட்டியவர், அவை நஞ்சு என்று தெரிந்தே, இருபத்திரண்டு தோம்புகளையும் ஓடையில் தள்ளினார்.*

“என்னா போட்டிருக்கு?”

“டிராக்டர் ஓட்டினவர் பாவம், மேலே உள்ளவங்க சொன்ன வேலையைச் செஞ்சாரு, அவர் மேல ஒரு குத்தமும் இல்லன்னு போட்டிருக்கு” என்று விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள்.

இருளாண்டி அவள் முகத்தையே பார்த்தார்.

“இன்னிக்கு என்னா, தண்ணி மாதிரி ஓடுது? ஒரு எடத்துலயும் நிக்கல.”

அவள் புத்தகத்தை மூடினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். ராத்திரிக்கென்று அவள் தேநீர் ஊற்றி வைத்த பிளாஸ்கு மேசை மேலேயே இருந்தது. மறுநாளும் அப்படியே போனார், அதற்கு மறுநாளும்.

சனிக்கிழமை காலை புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு மலாக்காவுக்குப் பஸ் ஏறினாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விலாசம் இருந்தது. விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். கதவைத் திறந்தது அவர் மனைவி பிரிஜிட்.

“வாங்க, உக்காருங்க தங்கச்சி. கூச்சத்துக்கு இருபது வழி சொன்னவரு உள்ளதான் ஒளிஞ்சிருக்காரு. ஆள் வந்தா அஞ்சு நிமிஷம் சட்டை தேடுவாரு.”

கொர்னேலியஸ் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார் போலிருந்தது. பயம் வந்தால் எதிரே இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேச்சைத் தொடங்கு என்பது அவர் எழுதிய மூன்றாவது வழி. கமலவேணி பொத்தானைப் பார்த்தாள். மாற்றிப் போட்டிருந்தார். பாதி பயம் அங்கேயே போயிற்று.

“ஐயா, இந்தப் பக்கத்துல வர்ற டிராக்டர்காரர் என் வீட்டுக்காரர். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுக் காட்டுவேன். இந்த வரிய என்னால படிக்க முடியல.”

கொர்னேலியஸ் கண்ணாடியை மாட்டி வரியைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

“தோட்டத்து ஆபீஸ்ல குடுத்த தாள்ல அப்படி இருந்துச்சும்மா. நான் அப்படியே...”

“அவர்கிட்ட அதை மருந்துன்னுதான் சொன்னாங்கய்யா. எங்களுக்குப் புல்லுக்கு அடிக்கிறதும் மருந்து, பூச்சிக்கு அடிக்கிறதும் மருந்து. நல்ல தோம்பா இருக்கேன்னு, அப்புறம் ஓடையில காலியாக் கிடந்த ஒன்ன வீட்டுக்குக் கொண்டாந்தாரு. மூணு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, ஏழு வருஷம் அதுலதான் தண்ணி பிடிச்சோம். அரிசி களைஞ்சது அதுல. அவர் குளிச்சது அதுல. தெரிஞ்சிருந்தா செய்வாரா?”

பிரிஜிட் தேநீர்த் தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

கொர்னேலியஸ் பேனாவை எடுத்து ‘தெரிந்தே’ என்பதை அடித்து, மேலே ‘அறியாமையால்’ என்று எழுதினார். கமலவேணி கூட்டிப் படித்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

“இது அவரை மடையன்னு சொல்ற மாதிரி இருக்குங்கய்யா. அந்தத் தோம்புக்குப் பச்சைப் பெயிண்டு அடிச்சிருந்துச்சு. போன வருஷம் மண்ணு போட்டுத் தேய்க்கிறேன், பெயிண்டு உரிஞ்சு உள்ள மலாய் எழுத்து தெரியுது. ஒவ்வொன்னா கூட்டினேன். ராச்சுன். விஷமுன்னு மலாய்க்காரங்க சொல்ற அதே சொல்லு. அவர்கிட்ட சொல்லல. அன்னையோட அதுல தண்ணி பிடிக்கிறதை நிறுத்தி, எழுத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிட்டேன்.”

கொர்னேலியஸ் முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்தார்.

“எழுத்து மேலயா பெயிண்டு அடிச்சிருந்தாங்க? தோம்பு இன்னும் இருக்கா?”

“இருக்கு. வந்து பாருங்க. படிக்கத் தெரிஞ்ச ஒருத்தன்தானே அதை மறைச்சிருக்கணும்? அதனால அந்தத் ‘தெரிஞ்சே’ய அழிக்க வேணாங்கய்யா. சேர வேண்டியவன் பக்கம் தள்ளி வைங்க.”

அவர் டிராக்டர்காரரின் பேரைக் கேட்டுக்கொண்டார். பிறகு வரி முழுவதையும் அடித்துவிட்டுப் பக்கத்தின் ஓரத்தில் எழுதத் தொடங்கினார்.

“கையெழுத்து எனக்குப் படிக்க வராதுங்கய்யா.”

“ஒவ்வொரு எழுத்தா எழுதுறேம்மா” என்றார். சிலேட்டில் எழுதுகிற பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். மறுபதிப்பில் இப்படியே வரும் என்றார். தோம்பைப் பார்க்கத் திங்கட்கிழமை வருவதாகவும் சொன்னார்.

“தனியா வந்துடுவாரான்னு பார்ப்போம்” என்றார் பிரிஜிட்.

அன்றைக்கு நாலு மணிக்குக் கமலவேணி அதே பக்கத்தை விரித்தாள். இருளாண்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“நஞ்... நஞ்சு என்ற எ... எழுத்தின் மேல் சா... சாயம் பூ... பூசியவர்கள்...”

கையெழுத்து அச்சு மாதிரி இல்லை. கால்கள் வளைந்து கிடந்தன. திரும்பிப் போய், மறுபடி வந்து, ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். “...தெ-ரிந்-தே பூசினார்கள். டிரா... டிராக்டர் ஓட்டிய இ-ரு-ளாண்-டி-யிடம் அதை ம... மரு... மருந்து என்றார்கள். அவர் அதில் ஒன்... ஒன்றை வீட்டுக்குக் கொண்டு... கொண்டுபோய்த் தண்... தண்ணீர் பிடித்து வைத்தார்.”

முடிக்கும்போது அவளுக்கு வேர்த்திருந்தது. நாலு வரிக்கு அத்தனை நேரம். இருளாண்டி எப்போது திரும்பி உட்கார்ந்தார் என்று அவள் கவனிக்கவில்லை.

“என் பேரா போட்டிருக்கு?”

“இங்க.”

அவர் விரலை அவள் விரலுக்குப் பக்கத்தில் வைத்தார். மை கறுப்பாக இல்லாமல் நீலமாக இருந்ததைப் பார்த்தார். பஸ் டிக்கெட் பக்கத்துக்குள் அடையாளமாகச் செருகியிருந்ததையும் பார்த்தார்.

“இப்பதான் நீ படிக்கிற” என்றார்.

கொஞ்ச நேரம் எழுத்தின் மேலேயே விரல் இருந்தது. பிறகு எழுந்து சட்டையை மாட்டினார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“எங்க புள்ள, என் பிளாஸ்கு?”