பட்டியலில் இல்லாத ஊர்

அலுவலகத்தில் அவளுக்கு ‘மணிக்கூண்டு’ என்று பெயர். ஆறு நாடுகளில் இருந்த கிளைகளுக்கும் தோதான நேரம் பார்த்துக் கூட்டம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அவளுடைய கணினித் திரையின் மேல்பட்டையில் ஆறு கடிகாரங்கள் ஓடின. ஏழாவதைப் போன மாதம் அவளாகச் சேர்த்தாள். அது அண்ணன் ஊர் நேரம்.

மற்ற ஆறுக்கும் ஊர்ப்பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதுமாக இருந்தது. வெளிநாட்டில் அண்ணன் இருந்த சின்ன ஊர் பட்டியலிலேயே இல்லை. எத்தனை மணி நேரம் வித்தியாசம் என்று கணக்குப் போட்டு, எண்ணைக் கையால் அடித்து வைத்தாள். மூன்று முறை சரிபார்த்தாள்.

அண்ணனோடு பேச்சு நின்று நான்கு வருடம். அப்பா சாவுக்கு வரவில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டு ஃபோனை வைத்தவள் அவள்தான். இப்போது அண்ணனுக்கு இதய ஆபரேஷன். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்கள்.

“திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு உள்ள கொண்டுபோயிடுவாங்க. அதுக்கு முன்னாடி உன்கிட்ட கால் மணி நேரம் பேசணுங்கறார்,” என்றாள் அண்ணி.

வேலையறைக்குள் ஃபோன் கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அண்ணன் ஊரின் ஏழே முக்காலுக்கு வெளியே போக மேலாளரிடம் முன்பே கேட்டு வைத்தாள்.

“மணிக்கூண்டே கிளம்பிட்டா, நாங்க மணி பார்க்க எங்கம்மா போறது?” என்று சிரித்தார்.

ஏழாவது கடிகாரம் 7:43 காட்டியபோது எழுந்தாள். பெட்டியைத் திறந்தால், பதினொரு தவறிய அழைப்புகள். உடனே அண்ணிக்கு அடித்தாள்.

“எங்கடி போன?”

“அண்ணி, இன்னும் எட்டே ஆகலையே...”

“எட்டே முக்கால்! நேத்துதானே இங்க கோடைக்காலத்துக்குன்னு கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வெச்சாங்க. உனக்குப் பொழப்பே அதுதானே, தெரியாதா?”

தெரியும். வெள்ளிக்கிழமையே எல்லாக் கிளைகளுக்கும் அதை நினைவுபடுத்தி எழுதியிருந்தாள். ஊர்ப்பெயர் வைத்த கடிகாரங்கள் தாமே மாறிக்கொள்ளும். வெறும் எண்ணை அவள்தான் மாற்றியிருக்க வேண்டும்.

“அண்ணன் ஏதாவது சொல்லுச்சா?”

“‘அவளுக்கு இன்னும் கோபம் ஆறலை, விடு’ன்னார். கண்ணாடியைக் கழட்டி என் கையில குடுத்தார். உள்ள போயிட்டார்.”

“முழிச்சதும் சொல்லுங்க அண்ணி, கடிகாரம்தான் தப்பு...”

சொல்லும்போதே அது அவளுக்கே சாக்குப்போக்காகக் கேட்டது.

அண்ணன் விழிக்கவில்லை. மறுநாள் அண்ணி கூப்பிட்டுச் சொன்னாள். மணி, நிமிடம் எல்லாவற்றோடும் சொல்ல அவளிடம் விளக்கம் இருந்தது. கேட்க வேண்டிய ஆள்தான் இல்லை.